வளையம் தெரியாத சனி

மதுரைக் கண் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என் இரண்டு கண்களின் படத்தையும் மேசையில் பரப்பி வைத்து, வலது கண் படத்தில் கறுத்துக் கிடந்த இடத்தைப் பேனாவால் சுற்றிக் காட்டினார்.

"இது போனது போனதுதான்மா. இனி இருக்கறதக் காப்பாத்தத்தான் மருந்து."

கண்ணில் பிரஷர். எத்தனை வருடமாக இருந்ததோ, எனக்குத் தெரியவில்லை. அருப்புக்கோட்டையில் ரவிக்கை தைத்துப் பிழைப்பவள் நான். இந்த நோய் ஓரப் பார்வையைத்தான் முதலில் தின்னுமாம், நடுப் பார்வை கடைசி வரை இருக்குமாம். அதனால் அன்றைக்கும் ஊசியில் நூல் கோத்தேன். பக்கத்தில் வந்து நிற்கிற ஆள்தான் தெரியவில்லை. கடைக்கு வந்தவர்கள் இரண்டு தடவை கூப்பிட்ட பிறகே திரும்புகிறேன் என்று என் வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டிருந்தார். காது மந்தம் என்று நினைத்திருந்தோம்.

காரியாபட்டி தாண்டி பஸ் வரும்போது, இனி எதை எதைப் பார்க்க முடியாமல் போகும் என்று யோசித்தபடி வந்தேன். பார்த்ததெல்லாம் போகட்டும் என்று தோன்றியது. பார்க்காத ஒன்றுதான் நெஞ்சில் நின்றது. சனி கிரகத்துக்கு வளையம் இருக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் படம் வரைந்திருக்கிறேன். அதை ஒரு தடவையாவது நிஜமாகப் பார்க்க வேண்டும். ஏன் அது, ஏன் கடலோ மகன் கல்யாணமோ இல்லை என்று கேட்டால், பயத்தில் கைக்குக் கிடைத்ததைப் பிடித்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

வீட்டில் சொல்லவில்லை. "கண்ணாடி மாத்தணுமாம்" என்று மட்டும் சொன்னேன். சொட்டு மருந்தைத் தையல் மெஷின் டிராயரில் ஒளித்து வைத்தேன்.

என்னோடு படித்தவள் ஒருத்தி கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறாள். எந்த டெலஸ்கோப் வாங்கலாம் என்று அவளுக்குப் போன் போட்டுக் கேட்டேன்.

"மிர்ரர் வச்சது வேணாம்டி," என்றாள். "அதுல கண்ணாடிய அடிக்கடி நேர் பண்ணணும், உனக்கு ஒத்து வராது. லென்ஸ் வச்சதே வாங்கு. குழாய் மூடியிருக்கும், நம்ம ஊரு கரிசத் தூசி உள்ள போகாது. லென்ஸ் எம்பது மில்லிமீட்டராவது இருக்கட்டும். பெட்டியில ஐநூறு மடங்கு தெரியும்னு போட்டிருந்தா அதத் தொடாத. குழாயவிட ஸ்டாண்டு முக்கியம், பாத்துக்க."

"திடீர்னு என்னடி ஆசை?" என்றும் கேட்டாள். சும்மாதான் என்றேன்.

இரண்டாவது தையல் மெஷின் வாங்க வைத்திருந்த பணத்தை அதில் போட்டேன். ஆளுயரப் பெட்டி வந்தது. என் வீட்டுக்காரர் லோடு வண்டி ஓட்டுகிறவர், மதுரைக்கு நூல் ஏற்றிப் போய் வருகிறவர். பெட்டி எதற்கு என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, "போயும் போயும் சனியவா பாக்கணும்? அவரு நம்மளப் பாக்காம இருந்தாப் போதாதா?" என்று சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

முதலில் நிலாவைப் பார்த்தேன். குழிகளெல்லாம் வெட்டி வைத்தாற்போல் தெளிவாக இருந்தன. ஆனால் நிலாவின் ஓரம் முழுக்க ஊதா நிறம் படிந்திருந்தது. விளக்கைச் சுற்றி நிறம் தெரிந்தால் உடனே வரச் சொல்லியிருந்தார் டாக்டரம்மா. மொட்டை மாடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இவ்வளவு சீக்கிரமா என்று அழுதேன். மறுநாள் காலையில் தோழிக்குப் போன் போட்டு, யாருக்கோ என்பதுபோல் கேட்டேன். "அது லென்ஸோட கொணம்டி. ரெண்டு கண்ணாடி ஒட்டுன லென்ஸுல ஊதா ஓரம் வரத்தான் செய்யும்," என்றாள். அந்த நிம்மதி ஒரு நாள்கூட நிற்கவில்லை. இனிமேல் எது குழாயின் குறை, எது என் கண்ணின் குறை என்று எனக்கு எப்படித் தெரியும்?

கார்த்திகையில் மழை விட்ட நாட்களில் இருட்டியதும் சனி ஏறக்குறைய தலைக்கு மேலே நின்றது. குழாயை அவ்வளவு மேலே தூக்கினால் அதன் கீழ்முனை ஸ்டாண்டின் காலில் இடிக்கும். குறி பார்க்க மேலே ஒட்டியிருக்கும் குட்டிக் குழாயில் கண் வைக்க, தரையில் மண்டி போட்டுக் கழுத்தை ஒடிக்க வேண்டும். அதில் எல்லாம் தலைகீழாகத் தெரியும். பெரிய குழாயில் இடம் வலமாகத் தெரியும். பகல் வெளிச்சத்தில் தூரத்து செல்போன் டவரை வைத்து இரண்டையும் ஒரே நேராகத் திருகி வைத்திருந்தேன். இருட்டில் அது உதவவில்லை. எனக்கு மிஞ்சியிருந்த பார்வையே ஒரு குழாய்தான். அதை வைத்து இன்னொரு குழாய்க்குள் ஒரு புள்ளியைத் தேடினேன்.

ஒரு வாரம், பிறகு இன்னொரு வாரம். சில நாள் மேகம். சில நாள் திருச்சுழிப் பக்கம் கருவேல விறகைக் கரி மூட்டம் போடும் புகை வந்து வானம் மங்கும். தெளிவாக இருந்த நாளிலும் வெறும் கறுப்புதான் தெரிந்தது. ஒரு தடவை ஏதோ வெளிச்சம் கண்ணுக்குள் ஓடியது. திருப்பிப் பிடிப்பதற்குள் போய்விட்டது. மாலையானால் கடையைச் சீக்கிரம் மூடினேன். தைக்கக் கொடுத்த துணிகள் தேங்கின. கண்ணுக்கு விட வேண்டிய சொட்டு மருந்தை இரண்டு நாள் மறந்தேன். கண்ணைக் காப்பாற்றுவதைவிட அந்த வளையம் பெரிதாகிப் போயிருந்தது.

ஒருநாள் ஸ்டாண்டின் கால் தடுக்கி விழுந்தேன். விழும்போதும் குழாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். முழங்கை தரையில் அடித்து ரத்தம் வந்தது. சத்தம் கேட்டு என் வீட்டுக்காரர் மேலே ஓடி வந்தார்.

"கண்ணு முன்னாடி நிக்கிற கால் தெரியலயா?"

"தெரியலங்க."

"என்னது தெரியல?"

"ஓரத்துல எதுவுமே தெரியலங்க. ரெண்டு மாசமாச்சு டாக்டர் சொல்லி. சரி பண்ண முடியாதாம்."

அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். என் முழங்கையைத் துண்டால் அழுத்திப் பிடித்தபடி இருந்தார். பிறகு, "எங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு ஏன் நெனச்ச?" என்று கேட்டார். சொன்னால் நிஜமாகிவிடும் என்று பயந்தேன் என்றேன். அவர் எழுந்து போய்க் குழாயைப் பிடித்தார். "எது சனி? காட்டு."

வானத்தில் அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. காட்டினேன். அவர் தரையில் மல்லாக்கப் படுத்துக் குட்டிக் குழாயில் பார்த்தார். வண்டிக்கு அடியில் படுத்து வேலை பார்த்துப் பழகியவர். கொஞ்ச நேரத்தில், "ஒண்ணு கெடச்சிருக்கு, வா" என்றார்.

நல்ல கண்ணான இடது கண்ணை வைத்தேன். மங்கிய மஞ்சளில் ஒரு சின்ன உருண்டை. ஆடாமல் நின்றது. வளையம் இல்லை.

வலது கண்ணை வைத்தேன். உருண்டையே பாதி கரைந்தது. மறுபடி இடது. இன்னும் பெரிதாகக் காட்டும் சின்ன லென்ஸை மாற்றிப் போட்டுப் பார்த்தேன். இல்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குக்கூடத் தெரியும் என்று சொல்கிற வளையம் எனக்கு இல்லை. இடது கண்ணும் போய்விட்டது என்று முடிவு செய்தேன்.

"உங்களுக்கு வளையம் தெரியுதுல்ல?" என்றேன்.

அவர் நிதானமாகப் பார்த்தார். "வளையமா? அப்பிடியெல்லாம் இல்லயே. உருண்டைக்குள்ள ஊசியக் குத்தி வச்ச மாதிரி ரெண்டு பக்கமும் சன்னமா ஒரு கோடு இருக்கு."

"எனக்காகச் சொல்லாதீக."

"சத்தியமா அம்புட்டுத்தான் இருக்கு."

அவரையே போன் போடச் சொன்னேன். இந்த முறை தோழியிடம் கண்ணைப் பற்றியும் சொன்னேன். அவள் முதலில் அழுதாள், பிறகு திட்டினாள், அதற்கப்புறம்தான் விளக்கினாள். ஏறக்குறைய பதினைந்து வருடத்துக்கு ஒருமுறை சனியின் வளையம் நமக்கு விளிம்பைக் காட்டி நிற்குமாம். தட்டை விளிம்பு வழியாகப் பார்த்தால் கோடாகத் தெரிவதுபோல. இது அந்தச் சமயம். இனி வருடத்துக்கு வருடம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி, ஆறேழு வருடத்தில் நன்றாக விரிந்து நிற்கும்.

"இத முதல்லயே சொல்லாம விட்டுட்டேனே. நெலாவ ஏதோ பாக்கப் போறன்னு நெனச்சேன்டி," என்றாள்.

ஆறேழு வருடம் என்பது அவளுக்கு ஆறுதலாகச் சொல்லத் தோன்றியிருக்கிறது. எனக்கு அது ஆஸ்பத்திரியில் கேட்ட எதையும்விடப் பயமாக இருந்தது. அவர் கண்ட அந்தக் கோடு அன்றைக்குக் கடைசி வரை எனக்குத் தெரியவில்லை.

தை மாதம் மதுரைக்கு அவரும் கூட வந்தார். வலது கண் இன்னும் கொஞ்சம் குறைந்திருந்தது. இடது அப்படியே இருக்கிறது என்றார் டாக்டரம்மா. மருந்தை மறந்ததற்கு இரண்டு பேரிடமும் திட்டு வாங்கினேன். இப்போது சொட்டு மருந்தை என் வீட்டுக்காரர்தான் விடுகிறார். வண்டி ஓடாத நாட்களில் குழாயையும் அவரே வைத்துத் தருகிறார். சனி மேற்கே இறங்கிச் சூரிய வெளிச்சத்துக்குள் போய்விட்டதால் வியாழனைத் திருப்பினார்.

"பக்கத்துல வரிசையா நாலு பொட்டு இருக்கு பாரு, அதோட நெலாவாம்," என்றார்.

எனக்கு மூன்று தெரிந்தது. "மூணுதான்."

"அப்ப மூணுதான் இருக்கும்."

"இல்லங்க. உள்ளத உள்ளபடி சொல்லுங்க."

மறுபடி பார்த்துவிட்டு, "நாலு. ஒண்ணு மட்டும் தள்ளி இருக்கு," என்றார்.

எந்தப் பக்கம் என்று கேட்டு, அந்தப் பக்கம் கண்ணை நகர்த்தி, கோள் குழாய்க்குள் தெரியும் வட்டத்தைத் தாண்டி வெளியே ஓடிப் போகும்வரை தேடினேன். அவர் திரும்பக் கொண்டுவந்து நிறுத்தினார். மறுபடி தேடினேன். நான்காவது எனக்குக் கிடைக்கவில்லை.