அக்காவுக்குக் காட்டப் போன தாலி

பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எழுதத் துணிந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள். அன்று வராதவர்களுக்காக நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

காலை ஆறு மணிக்கு உன்னிச்சையில் பஸ் ஏறினேன். அக்காவின் மகளுக்குக் கலியாணம். அக்கா குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள், லீவு கிடைக்கவில்லை. "தம்பி, தாலி கட்டுறத மட்டும் நான் பாக்கணும். நீதான் போனப் புடிக்கணும்" என்று சொல்லியிருந்தாள். கூட்டத்தில் முன்னால் போய் நின்று எனக்குப் பழக்கமில்லை. வழி முழுவதும் அதே யோசனைதான்.

எட்டேகாலுக்கு மட்டக்களப்பில் ஆட்டோ பிடித்தேன். அமிர்தகழியைத் தாண்டி வாவிக்கரைக் கத்தோலிக்கக் கோயிலுக்கு ஐந்து கிலோமீற்றர், அறுநூறு ரூபாய்.

"கலியாணத்துக்குப் போறவர் ஏன் சோதினைக்குப் போற மாதிரி இருக்கீங்க?" என்றார் ஆட்டோக்காரர்.

"போன் புடிக்கணும் தம்பி."

"அதுக்கா இந்த முழி! கை நடுங்காட்டிச் சரி அண்ணன்."

ஒன்பதரைக்குப் பூசை தொடங்கியது. குவைத்தில் அப்போது ஏழு மணி. அக்கா வேலை வீட்டுக் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் நின்று போனில் பார்த்தாள். என் கலியாணத்தில் சம்மதமா என்று சாமியார் கேட்டார், நாங்கள் குனிந்தபடி "ஓம்" என்றோம்; அவ்வளவுதான். இப்போது அக்காவின் மகளும் மாப்பிள்ளையும் எதிரெதிரே நின்று, கையைப் பிடித்து, மைக்கில் வாக்கைத் தாங்களே சொல்கிறார்கள். சுகத்திலும் நோயிலும் பிரியமாட்டேன் என்று மருமகள் சொன்னபோது குரல் தடுமாறவில்லை.

பிறகு சாமியார் தாலியை மந்திரித்து மாப்பிள்ளையிடம் கொடுத்தார். "பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே" என்றார். சின்ன வயதிலிருந்து பழகிய கை. போனோடு சேர்த்து அது நெற்றிக்குப் போனது, நெஞ்சுக்கு வந்தது, இரண்டு தோளையும் தொட்டது. நான் சிலுவை போட்டு முடித்துப் பார்க்கையில் மூன்று முடிச்சும் விழுந்திருந்தன.

பூசை முடிந்து வாசலில் மருமகளிடம் சொன்னேன்: "பிழை விட்டுட்டன் மனே. அம்மா பாக்கல்ல."

படம் எடுக்க வந்தவர் சிரித்தார். "இதென்ன அங்கிள், கழட்டித் திரும்பக் கட்டுவம். எனக்கும் நல்ல படமொண்டு கிடைக்கும்."

மருமகள் தாலியைக் கைக்குள் பொத்திக்கொண்டு போனையே பார்த்தாள். அதிலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"கழட்டவோ? வேணாம். கட்டினது கட்டினதுதான்."

பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

"தம்பி, நீ காட்டினது கூரையில சுத்தின பேன்தான். ஆனா அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லும் எனக்குக் கேட்டிச்சு. எண்ட கலியாணத்துல சாமி ரெண்டுதரம் கேட்டும் எனக்குச் சத்தம் வரல்ல. தலையத்தான் ஆட்டினன்."

மருமகள் போனை வாங்கிக் கன்னத்தோடு வைத்துக்கொண்டாள். வெகுநேரம் திருப்பித் தரவில்லை.

இரண்டு மணிக்குப் புறப்பட்டேன். பழைய முறையா புதிய முறையா நல்லதென்று சொல்ல எனக்குத் தெரியாது. எங்களைப்போல் அவளும் குனிந்து நின்றிருந்தால், அக்காவுக்கு அன்று ஒன்றுமே கிடைத்திராது.

மறுநாள் வயல் வட்டைக்குக் குளத்துத் தண்ணீர் திறந்தார்கள். வயலுக்குப் போனேன்.