தம்பிக்கு இரண்டு சாதகம்

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஒரு சாதகம் இருந்தது. தம்பிக்கு மட்டும் இரண்டு. முதலாவதை அவன் பிறந்த மாதமே அப்பா கணித்து எழுதினார். இரண்டாவதை யாழ்ப்பாணத்தில் ஒரு டொக்டர் எழுதிக் கொடுத்தார். இரண்டையும் அப்பா ஒரே மஞ்சள் துணியில் சுற்றி அலுமாரியின் மேல்தட்டில் வைத்திருந்தார். எது அவனுக்குக் கூடுதலாகக் கெடுதல் செய்தது என்று யாராவது கேட்டால் நான் யோசிக்காமல் பதில் சொல்வேன். ஆனால் யாரும் கேட்டதில்லை.

அப்பா நயினாதீவில் ஒரு சின்னப் பிள்ளையார் கோயிலுக்குப் பூசை செய்தவர். பூசையைவிடச் சாதகம் பார்ப்பதில்தான் அவருக்குப் பெயர். புங்குடுதீவிலிருந்தும் நெடுந்தீவிலிருந்தும் ஆட்கள் வள்ளத்தில் வருவார்கள். அவர்கள் போன பிறகு அப்பா புறுபுறுப்பார். “சனம் நல்லதை மட்டும் காதிலை போட்டுக்கொண்டு போகுது. கவனம் எண்டு நான் சொன்னதெல்லாத்தையும் வள்ளத்திலையே விட்டிட்டுப் போயிடும்” என்பார். அவர் சொன்னது உண்மைதான். அந்தச் சனத்தில் தானும் ஒருவர் என்று அவருக்குத் தெரியாது.

தம்பி எனக்கு நாலு வயது இளையவன். அவனிடம் எதைக் கேட்டாலும் கேட்டதையே திருப்பிச் சொல்வான். “சாப்பிட்டியோ?” என்றால் “சாப்பிட்டியோ” என்பான். முகத்தைப் பார்க்க மாட்டான். கோயில் மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு கிணற்றடிக்கு ஓடிவிடுவான். பூசை செய்பவரின் மகனுக்கு மணிச்சத்தம் ஆகாது என்றால் ஊர் சும்மா இருக்குமா? செய்வினை என்றார்கள், விசர் பிடித்திருக்கிறது என்றார்கள். இன்று அதை ஓட்டிசம் என்கிறார்கள். அன்றைக்கு எங்களுக்கு அந்தச் சொல் தெரியாது.

ஆனால் கோயிலின் தூங்குவிளக்குச் சங்கிலிகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டால் அப்பா தம்பியைத்தான் கூப்பிடுவார். அவன் சங்கிலியை இழுக்க மாட்டான், அவசரப்பட மாட்டான். சிறிது நேரம் பார்த்துக்கொண்டே இருப்பான். பிறகு ஓரிடத்தில் விரலை வைத்து எடுப்பான், எல்லாம் கழன்று விழும். அந்த நேரத்தில் மட்டும் அவன் முகத்தில் ஒரு சந்தோசம் வரும். அதைப் பார்ப்பதற்கென்றே சங்கிலியைச் சிக்கவைக்கலாம் போல எனக்கு இருக்கும்.

அவன் அழுது நான் கண்டது குறைவு. விழுந்து முழங்கால் கிழிந்தாலும் அழமாட்டான். நோ வந்தால் சீமெந்து நிலத்தில் குப்புறப்படுத்து ஒரு கன்னத்தை நிலத்தோடு ஒட்டி வைத்துக்கொள்வான். பல்லு வலியென்றாலும் காதுக்குள் குத்தென்றாலும் அப்படித்தான். அதைக் கண்டுபிடித்தவர் அம்மா. “இவன் வாயாலை சொல்லமாட்டான், கன்னத்தாலை சொல்லுவான்” என்று எனக்குச் சொல்லித் தந்திருந்தார். அப்பாவுக்கும் சொன்னார். அப்பா பஞ்சாங்கத்திலிருந்து தலையை நிமிர்த்தாமல் “ஓம், ஓம்” என்றார்.

பள்ளிக்கூடத்தில் அவனை எடுக்கவில்லை. மூளை வளர்ச்சியில்லாத பிள்ளையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தலைமை ஆசிரியர் திருப்பி அனுப்பிவிட்டார். அந்த நாட்களில்தான் வெளிநாட்டில் படித்துவந்த ஒரு டொக்டர் யாழ்ப்பாணப் பட்டணத்தில் இப்படியான பிள்ளைகளைப் பார்க்கிறார் என்று கேள்விப்பட்டோம். எழுபதுகளின் தொடக்கம் அது. வள்ளமேறிக் குறிகட்டுவானுக்குப் போய், அங்கிருந்து பஸ்ஸில் பட்டணம் போனோம். தம்பி குழம்பாமல் இருக்க என்னையும் உள்ளே விட்டார்கள்.

முதலில் கேள்விகள். டொக்டர் சொல்ல, தாதி கேட்டார். “மழை வந்தா நீர் என்ன செய்வீர்?” தம்பி சுவரைப் பார்த்தபடி “என்ன செய்வீர்” என்றான். அம்மா சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே இருந்தார். டொக்டர் கேள்வித்தாளை ஒருபக்கம் வைத்துவிட்டு, நிறம் பூசிய மரக்கட்டைகளை மேசையில் கொட்டினார். ஒரு படத்தைக் காட்டி, இதைப்போல அடுக்கு என்று கையால் காட்டினார். தம்பி சங்கிலியைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்தான். பிறகு அடுக்கினான். அடுத்த படம், அதற்கடுத்த படம். டொக்டர் கதிரையை இழுத்துக்கொண்டு கிட்ட வந்தார். தம்பியின் முகத்தில் அந்தச் சந்தோசம் வந்தது. வெளியாள் ஒருவர் அதைக் கண்டது அன்றுதான்.

முடிவை டொக்டர் அப்பாவுக்கு இருத்திவைத்து விளக்கினார். சாதாரணப் பிள்ளைக்கு நூறு என்று வைத்தால் இவனுக்கு நூற்றுப்பதினாறு. “ஆனா ஐயா, இது இண்டைக்கு இந்த மேசையிலை அவன் செய்த வேலைக்கு உள்ள கணக்கு. பேச்சுக் கேள்வியளை நான் இதிலை சேர்க்கேல்லை. பசி, நோ, பயம் ஒண்டையும் இவன் தானாச் சொல்லமாட்டான். அதைப் பாத்து அறியிற ஆள் ஒண்டு எப்பவும் பக்கத்திலை வேணும்” என்றார்.

அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கடைசியில், “எத்தினை எண்டு சொன்னீங்கள்?” என்று கேட்டார்.

திரும்பி வரும்போது வள்ளத்தில் இருந்த அத்தனை பேருக்கும் சொன்னார். “நூறுக்கு மேலை எப்பிடி ஐயா எடுக்கிறது?” என்று வள்ளக்காரர் கேட்டார். “அதுதான் மூளை!” என்றார் அப்பா. எல்லோரும் சிரித்தார்கள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள். அதுவரை தன் குஞ்சை வெளியே காட்ட வெட்கப்பட்ட மனிதர் அன்றைக்கு அதைத் தோளில் சாய்த்து வைத்திருந்தார். அம்மாவின் கண் கலங்கிப்போயிருந்தது. நானும் சந்தோசப்பட்டேன்.

அந்த இலக்கத்தை நான் முழுக்க ஏசமாட்டேன். அது நல்லதும் செய்தது. காகிதத்தைப் பார்த்துவிட்டுத் தலைமை ஆசிரியர் தம்பியைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். யன்னலோரம் ஒரு வாங்குப் பலகையில் அமர்ந்து அவன் எழுதப் பழகினான், கணக்குப் பழகினான். ஊரில் விசரன் என்ற பேச்சு நின்றது. கட்டை அடுக்குகிற கெட்டித்தனம் அவனுக்கு உண்மையாகவே இருந்தது. இருந்ததைத்தான் டொக்டர் அளந்தார், பொய் சொல்லவில்லை. அளவுகோலில் பிழை இல்லை. அதை எங்கள் வீட்டில் சாதகத்தோடு சேர்த்துக் கட்டி வைத்ததுதான் பிழை.

சாதகக்காரனுக்கு ஒரு பழக்கம் உண்டு. பிறந்த நேரத்தில் எழுதியது ஆயுள் முழுக்கச் சரிவர வேண்டும். அப்பா அந்த இலக்கத்தையும் அப்படித்தான் வாசித்தார். மேசையில் மரக்கட்டை அடுக்கியதற்குக் கிடைத்த புள்ளி, சட்டைத் தெறி பூட்டுவதற்கும் சோறு பிசைவதற்கும் மந்திரம் சொல்வதற்கும் செல்லும் என்று நினைத்தார். அம்மா தம்பிக்குப் புட்டு ஊட்டினால் “இஞ்சேரும், நூத்திப்பதினாறு எடுத்தவனுக்கு ஊட்டிவிடுறதோ? நீர்தான் அவனைப் பழுதாக்கிறீர்” என்று சத்தம் போடுவார். மணிச்சத்தத்துக்கு ஓடினால் பிடித்து இழுத்துவந்து மணிக்குக் கீழேயே நிறுத்துவார். முந்தி ஏலாத பிள்ளை என்று இரக்கப்பட்டவர், இப்போது ஏலும், ஆனால் செய்கிறானில்லை என்று கோபப்பட்டார். “ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது, இஞ்சருங்கோ” என்று அம்மா ஒருநாள் சொல்லிப் பார்த்தார். அப்பா இரண்டு நாள் அம்மாவோடு கதைக்கவில்லை. அம்மா அதன்பிறகு குசினிக்குள் அடுப்படியில் வைத்து, கதவைச் சாத்திவிட்டு ஊட்டினார்.

தம்பிக்குப் பதினாலு வயதாக இருக்கும்போது, கடல் தாண்டிப் புளியங்கூடலில் சின்னம்மாவுக்குப் பிள்ளை பிறந்தது. அம்மா உதவிக்குப் போனார். போகும்போது என்னிடம் தம்பியைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டு போனார்.

அம்மா போய் இரண்டாம் நாள் காலை தம்பி சாப்பிடவில்லை. மடைப்பள்ளிக்குப் பக்கத்துச் சீமெந்து நிலத்தில் குப்புறப்படுத்து, கன்னத்தை ஒட்டி வைத்துக்கொண்டான். நான் ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன்.

“அப்பா, அவனுக்கு எங்கையோ நோகுது. கன்னத்தை நிலத்திலை வைச்சிருக்கிறான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவம்.”

அப்பா பூசைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தார். வந்து அவனுக்குப் பக்கத்தில் நின்று, “வயிறு நோகுதோடா?” என்று கேட்டார்.

“நோகுதோடா” என்றான் தம்பி.

“பாத்தியே? பகிடி விடுறான். பூசைக்கு வரப் பஞ்சி, சோம்பல்.”

“இல்லையப்பா. அம்மா இருந்தா இதுக்குள்ளை வள்ளம் பிடிச்சிருப்பா.”

“நூத்திப்பதினாறு எடுத்த பிள்ளைக்கு வயித்துநோ எண்டு ஒரு சொல்லுச் சொல்லத் தெரியாதோ?” என்று கேட்டுவிட்டு அப்பா கோயிலுக்குள் போனார்.

அன்று முழுக்க அவன் எழும்பவில்லை. நான் திரும்பத் திரும்பக் கேட்டேன், அழுதேன், கடைசியில் கத்தினேன். அப்பாவும் கத்தினார். மறுநாள் காலை தம்பியின் உடம்பு நெருப்பாய்க் கொதித்தபோதுதான் அப்பா பயந்துபோய் அவனைத் தூக்கினார். சோளகக் காற்றில் வள்ளம் ஆடி ஆடிப் போனது. தம்பி அப்பாவின் மடியில் கிடந்தான். கன்னத்தை வைக்க நிலமில்லாமல் வள்ளத்தின் பலகையைத் தடவிக்கொண்டே வந்தான். அப்பா என்னைப் பார்க்கவில்லை.

குடல்வால் வெடித்துவிட்டது என்றார்கள் பெரியாஸ்பத்திரியில். “ஏன் இவ்வளவு பிந்திக் கொண்டு வந்தனீங்கள்? பிள்ளை நோகுது எண்டு சொல்லேல்லையோ?” என்று கேட்டார் அங்கிருந்த டொக்டர்.

அம்மா வந்து சேர்ந்தபோது தம்பி உயிரோடு இல்லை. அம்மா அவனுடைய கன்னத்தைத் தடவினார். அதில் சீமெந்தின் அழுக்கு இன்னும் ஒட்டியிருந்தது. அம்மா அப்பாவைப் பார்த்து ஒன்றைத்தான் கேட்டார்.

“கன்னத்தை நிலத்திலை வைச்சவனோ?”

“ஓம்” என்றார் அப்பா.

அம்மா பிறகு அதைப்பற்றி ஒருநாளும் கதைக்கவில்லை. ஏசியிருக்கலாம். ஏசியிருந்தால் அப்பாவுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். நான் பல வருடங்கள் அப்பாவோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அதற்காக இன்றும் எனக்கு வருத்தமில்லை. வருத்தம் தம்பியை நினைத்துத்தான். அவன் சொல்லிக்கொண்டேதான் கிடந்தான். வீட்டின் பெரிய மனிதருக்கு மட்டும் அது கேட்கவில்லை.

செத்தவரின் சாதகத்தை எங்கள் வீட்டில் வைத்திருப்பதில்லை, கடலில் விட்டுவிடுவோம். அப்பா மஞ்சள் துணியை அவிழ்க்காமல் இரண்டையும் சேர்த்தே விட்டார். முதலாவதில் ஆயுள் தீர்க்கம் என்று அவரே எழுதியிருந்தார்.

அதன்பிறகும் அப்பா சாதகம் பார்த்தார். வேறு பிழைப்புத் தெரியாது. எண்பதுகள் பிறந்த நேரம், புங்குடுதீவு மடத்துவெளியிலிருந்து ஒரு தாய் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஐந்தாறு வயதுப் பிள்ளை, எங்கள் முற்றத்தில் ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டு நின்றது. “கதைக்கிறாளில்லை ஐயா. பட்டணத்திலை சோதிச்சவை. நாப்பத்தெட்டாம். சாதகத்திலை என்ன கிடக்கெண்டு ஒருக்கால் பாருங்கோ” என்று சொல்லிச் சாதகத்தையும் அந்தக் காகிதத்தையும் நீட்டினார்.

அப்பா இரண்டையும் வாங்கவில்லை. பிள்ளையைப் பார்த்தார்.

“நோ வந்தா இவ என்ன செய்வா?”

“காதை முறுக்கிக்கொண்டு சுவரோடை போய் ஒட்டிக்கொண்டு நிப்பாள். எனக்குத் தெரியும், ஐயா.”

குசினியில் அம்மா தேங்காய் திருவுகிற சத்தம் நின்றது.

“உமக்கு மட்டும் தெரிஞ்சாக் காணாது, பிள்ளை” என்றார் அப்பா. “தகப்பனுக்குச் சொல்லிக் குடும்.”