றிசீவிங் நிக்கலஸின் 'போ'

பின்னேரம் நாலு மணியானால் நிக்கலஸுக்கு இருப்புக்கொள்ளாது. நீதிமன்றங்களிலிருந்து வான் வந்து சேரும் நேரம் அது. இருபத்திரண்டு வருடம் அந்த வானுக்காகக் காத்திருந்த மனிதர், வேலையை விட்டு ஒரு கிழமைகூட ஆகவில்லை, கிளென் ஈடன் வீட்டு யன்னலருகே நின்று தெருவில் போகிற வருகிற வாகனத்தையெல்லாம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கூரியர்காரன் வந்து பெட்டியை நீட்டினான். அவனிடம் பிறந்த திகதி கேட்காத குறைதான்.

"இஞ்சருங்கோ, அந்தப் பெடியன் பயந்துபோய் ஓடுறான். கொஞ்சம் சிரிச்ச முகத்தோட வாங்குங்கோவன்" என்றாள் மனைவி ஷாமிலா.

சிரித்த முகம் அவருக்கு வராததில்லை. அது வேலைக்குப் போகும்போது மட்டும் வரும், அவ்வளவுதான்.

மன்னாரிலிருந்து தொண்ணூற்றெட்டில் இந்த நாட்டுக்கு வந்தவர். முதலில் இறைச்சித் தொழிற்சாலை, பிறகு ஒரு பேக்கரி, அதன் பிறகு நகரத்து றிமாண்ட் சிறை. வழக்கு இன்னும் முடியாதவர்களை வைத்திருக்கும் இடம் அது. அங்கே உள்ளே வருகிறவர்களைப் பதிந்து எடுக்கிற பகுதிக்கு 'றிசீவிங்' என்று பெயர். கோவிலில் சனம் அவரை 'ஜெயில் நிக்கலஸ்' என்று சொன்னால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "ஜெயில் இல்லை, றிசீவிங்" என்று திருத்துவார். என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்டவர்கள் அரைமணித்தியாலம் நின்று கேட்கவேண்டி வந்தது.

நானும் ஒருமுறை அவரிடம் அப்படி அகப்பட்டிருக்கிறேன், அதனால் சொல்கிறேன். வான் பின்பக்கமாக முற்றத்துக்குள் வரும். பெரிய கதவு இறங்கிப் பூட்டிய பிறகுதான் ஒவ்வொருவராக இறக்குவார்கள். விலங்கைக் கழற்றி, பெயரும் பிறந்த திகதியும் கேட்டு, ஒரு படம் எடுத்து, பொக்கற்றில் உள்ளதையெல்லாம் மேசையில் வைக்கச் சொல்வார்கள். போன், பேர்ஸ், பெல்ட், சப்பாத்து லேஸ், சங்கிலி, பாதி சப்பிச் சுற்றிவைத்த சுவிங்கம். எதையும் விடாமல் எழுதவேண்டும். எழுதுவதிலும் சூட்சுமம் இருக்கிறது. 'வெள்ளிச் சங்கிலி' என்று எழுதக்கூடாது, 'வெள்ளை உலோகச் சங்கிலி' என்றுதான் எழுதவேண்டும். இல்லாவிட்டால் வெளியே போகிறபோது, என்னுடைய வெள்ளி எங்கே என்று சண்டை பிடிப்பான். பிறகு எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, சீல் வைத்து, கையெழுத்து வாங்கவேண்டும்.

அந்தப் பட்டியலில் நிக்கலஸ் ஒரு ஊசியைக்கூட விட்டதில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது. ஊரில் ஒருமுறை அவரைப் பிடித்து மூன்று நாள் ஆமி முகாமில் வைத்திருந்தார்கள். போனவுடனே கைக்கடிகாரத்தை ஒருவன் கழற்றி எடுத்தான். எங்கும் எழுதவில்லை. மணிக்கூடு போனதைவிட, எழுதாமல் எடுத்ததுதான் அவருக்கு இன்றைக்கும் எரிச்சல். எழுதாவிட்டால் அந்த மனிதன் திரும்பிப் போவான் என்று யாரும் நினைக்கவில்லை என்றுதானே அர்த்தம்?

சீல் வைக்கும் முன் அவருக்கென்று ஒரு பழக்கம். "அம்மாவின் நம்பரைப் பார்த்துச் சொல்லு" என்பார். உள்ளே வந்தவன் வீட்டுக்கு ஒருமுறை கதைக்கலாம். ஆனால் இந்தக் காலத்தில் யாருக்கு நம்பர் பாடம்? எல்லாம் போனுக்குள், போன் பைக்குள். கழுத்துவரை பச்சை குத்திய ஆறடிப் பெடியன்கள் அம்மாவின் நம்பர் தெரியாமல் திருதிருவென்று முழிப்பதைப் பார்க்க அவருக்குப் பொறுக்காது. ஒரு துண்டில் எழுதிக் கையில் கொடுப்பார். பிறகு கேள்விகள். மருந்து எடுக்கிறாயா, உள்ளே யாரோடும் பகை உண்டா, உனக்கு நீயே ஏதும் செய்துகொள்ள நினைக்கிறாயா. இந்தக் கடைசிக் கேள்வியை மட்டும் அவர் தாளைப் பார்த்து வாசிப்பதில்லை. பேனையைக் கீழே வைத்துவிட்டு, முகத்தைப் பார்த்துக் கேட்பார். இல்லை என்று சொன்னவர்களில் சிலரைப் பற்றியும் நேர்சின் காதில் போட்டுவைப்பார். அதற்குப் பிறகு ஒரு முட்டை சாண்ட்விச், சிறை உடுப்பு, பிறகு உள்ளே ஒரு அறை.

இப்போது வீட்டில் இருந்துகொண்டு அவர் ஏங்கியது அதற்கெல்லாம்தான். நம்ப மாட்டீர்கள், அந்த முட்டை சாண்ட்விச் மணத்துக்கு ஏங்கினார். யூலை மாத மழையில் நனைந்து வந்த சப்பாத்துகளின் நாற்றத்துக்கும் ஏங்கினார்.

ஆனால் இந்தக் கதை உள்ளே வந்தவர்களைப் பற்றியது அல்ல, வெளியே போனவர்களைப் பற்றியது. பெயில் கிடைத்து வெளியே போகிறவனுக்கு அதே மேசையில் பையைத் திறந்து, பட்டியலைப் பார்த்து, ஒவ்வொன்றாகக் கொடுத்துக் கையெழுத்து வாங்கி, கதவுவரை கூட்டிப்போய் விடவேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், கேதீஸ்வரன் என்று ஒருவரை அப்படி வழியனுப்பினார். ரானுயிப் பக்கம் குடியிருந்தவர், நல்ல மனிதர், குடித்தால் மட்டும் வேறு ஆள். தமிழ் ஆளைக் கண்ட சந்தோசத்தில் நிக்கலஸ் வாய் தவறி, "சரி, போயிட்டு வாங்கோ" என்று சொல்லிவிட்டார்.

நம் ஆட்களுக்கு வாசலில் வேறு எந்தச் சொல் வரும்? பத்தொன்பதாம் நாள் நாலு மணி வானில் கேதீஸ்வரன் இறங்கினார். "என்ன அண்ணை முழிக்கிறீங்கள்? நீங்கதானே வரச்சொன்னீங்கள்" என்று சிரித்தார். றிசீவிங்கில் இருந்தவர்களுக்கு அதை மொழிபெயர்த்துச் சொன்னதும் எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நிக்கலஸுக்குச் சிரிப்பு வரவில்லை. தன் நாக்குத்தான் அந்த மனிதரை இழுத்துக்கொண்டு வந்தது என்று அவர் நினைத்தார், அதை யாராலும் மாற்ற முடியவில்லை.

அன்றிலிருந்து அவர் வழியனுப்பும் சொல் மாறியது. "போ. திரும்பி வராதை" என்பார். சமோவாக்காரனோ, மாவோரியோ, பஞ்சாபியோ, யாராக இருந்தாலும் அதே தமிழ்தான், தோளில் ஒரு தட்டோடு. அர்த்தம் கேட்டவர்களுக்கு விளக்குவார். விளக்கத்தைக் கேட்ட சிலர் அவரைக் கட்டிப்பிடித்ததும் உண்டு. அந்தக் கதவடியில் அதைவிட அன்பான சொல் கிடையாது. வேறொரு கதவடியில் அதற்கு வேறு பொருள் இருக்கும் என்பதை மட்டும் அவர் யோசிக்கவில்லை.

வீட்டுக் கதவை ஆண்டது ஷாமிலா. மகன் றொய்ஸ்டன் சின்னதில் சப்பாத்தை மாட்டிக்கொண்டு "போறன்" என்றால் பிடித்து நிறுத்துவாள். "போறன் எண்டு சொல்லக்கூடாது. போயிட்டு வாறன் எண்டு சொல்லு." அவன் அதைச் சொன்ன பிறகுதான் கதவு திறக்கும். மற்றதெல்லாம் இங்கிலீஷாகிப்போன பிறகும் இந்த ஒரு வசனம் அவன் வாயில் தமிழாகவே நின்றது.

மூன்று வருடத்துக்கு முன் அவன் பல்கலைக்கழகத்தை இடையில் விட்டுவிட்டு ட்ரக் ஓட்டப்போகிறேன் என்று வந்து நின்றான். இதில் வானம் இடிந்து விழ என்ன இருக்கிறது என்று நான் கேட்பேன். ஆனால் நிக்கலஸ் அன்றைக்குத்தான், படிப்பை விட்டுவிட்டுக் கண்டபடி அலைந்து மாட்டிய இரண்டு பெடியன்களைப் பதிந்துவிட்டு வந்திருந்தார். சீருடைகூடக் கழற்றவில்லை. வார்த்தை தடித்தது. றொய்ஸ்டன் ஒரு பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, "ஐ'ம் கோயிங்" என்றான். ஷாமிலா சமையலறையில் அழுதுகொண்டிருந்தாள், திருத்த ஆளில்லை. நிக்கலஸ் கதவைத் திறந்துவிட்டார்.

"போ. திரும்பி வராதை."

கோபத்தில் சொன்னாரா, பழக்கத்தில் வந்ததா என்று அவருக்கே தெரியாது. மூன்று வருடமாகப் படுக்கையில் புரண்டு யோசித்தும் தெரியவில்லை. மகன் சொல்லுக்கு மரியாதை கொடுத்தான், வரவில்லை.

அவன் குடிபோனது தூரம் ஒன்றுமில்லை, அதே நகரத்தில் மவுண்ட் வெல்லிங்டன்தான். ஒவ்வொரு சனிக்கிழமையும் ஷாமிலா கறி சமைத்துக் கட்டிக்கொண்டு போவாள். கார் ஓட்டுவது நிக்கலஸ். அவளை வாசலில் இறக்கிவிட்டு, பெரிய கடைத்தொகுதியின் கார் பார்க்கில் போய் இருப்பார். ஒரு மணித்தியாலம் கழித்து வந்து ஏற்றுவார். "பெடியன் எப்பிடி?" என்று கேட்பார். "நல்லா இருக்கிறான்" என்பாள். அதற்குமேல் இருவரும் கதைப்பதில்லை. சிறையில்கூட வாரத்துக்கொரு தடவை ஆளைப் பார்க்க விடுவார்கள், இந்த மனிதர் தனக்குத்தானே அதையும் மறுத்துக்கொண்டார்.

இனி, அவருடைய வேலையின் கடைசி நாளைச் சொல்லவேண்டும். அது ஒரு வெள்ளிக்கிழமை, றிசீவிங்கில் கேக் வெட்டினார்கள். அந்தப் பிளாஸ்டிக் பை ஒன்றில் அவருக்கான பரிசுகளைப் போட்டு, சீல் வைத்து, மேசையில் வைத்தார்கள். பட்டியலும் எழுதியிருந்தார்கள். 'மூக்குக்கண்ணாடி ஒன்று, பழையது. மஞ்சள் உலோக மோதிரம் ஒன்று, கழற்ற முடியாது. முதிய உத்தியோகத்தர் ஒருவர், தேய்ந்த நிலையில்.' கையெழுத்துப் போட்டால்தான் விடுவோம் என்றார்கள், போட்டார். பிறகு கதவுவரை கூட்டிப்போனார்கள். கதவு திறந்தது. பின்னால் நின்ற பதினைந்து பேரும், தமிழின் ஒரு எழுத்தும் தெரியாத சனம், ஒரே குரலில் கத்தினார்கள்:

"போ! திரும்பி வராதை!"

அவ்வளவும் அன்பு. அது அவருக்குத் தெரியும், அந்தச் சொல்லை அவர்களுக்குப் பழக்கியதே அவர்தான். தெரிந்தும் நெஞ்சில் யாரோ கையை வைத்துத் தள்ளியதுபோல இருந்தது. சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. தெருவில் நின்று விம்மி அழுதார். வேலையைப் பிரிகிற துக்கம் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

மறுநாள் சனிக்கிழமை. அன்றைக்கும் கார் பார்க்கில்தான் இருந்தார், இறங்கத் துணிவு வரவில்லை. அந்தக் கிழமை முழுவதும் கூரியர்காரனைப் பயப்படுத்தியதோடு சரி. அடுத்த சனிக்கிழமை ஷாமிலாவை இறக்கிவிட்டுக் காரை நிறுத்தினார். தானும் இறங்கினார், கையில் அந்தப் பிளாஸ்டிக் பை. ஷாமிலா ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் திரும்பி ஏறிவிடுவார் என்று அவளுக்குத் தெரியும்.

கதவைத் திறந்த றொய்ஸ்டன் தாயைப் பார்த்தான், பின்னால் பார்த்தான். "டாட்? யூ ஓகே?" என்றான்.

"ஓம்" என்றார் நிக்கலஸ். உள்ளே போய், கதிரையின் நுனியில், புதிதாகக் கொண்டுவரப்பட்டவர்கள் இருக்கிறமாதிரி இருந்தார். றொய்ஸ்டன் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தான். சீனி எத்தனை என்று கேட்கவில்லை, அவனுக்கு ஞாபகம் இருந்தது. நிக்கலஸ் பையிலிருந்த பட்டியலை எடுத்து நீட்டினார். அவன் வாசித்தான். 'தேய்ந்த நிலையில்' என்ற இடத்தில் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அண்டைக்கு அவங்கள் எல்லாரும் சேர்ந்து என்னைப் பார்த்து 'போ, திரும்பி வராதை' எண்டு கத்தினவங்கள்" என்றார் நிக்கலஸ். "அது என்ர சொல்லுத்தான். வேலையில சொல்லுற சொல்லு. நல்லதுக்குச் சொல்லுறது. நல்லதுக்கு எண்டு தெரிஞ்சும் எனக்குத் தாங்கேலாமல் போச்சுது." அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "உனக்கு எப்பிடி இருந்திருக்கும் எண்டு அப்பதான் விளங்கினது. பிழை, தம்பி. என்ர பிழை."

றொய்ஸ்டன் பட்டியலை மடித்தான், விரித்தான், மறுபடி மடித்தான். ஷாமிலா கறிப் பெட்டிகளை ஃபிரிட்ஜில் அடுக்கிக்கொண்டே நின்றாள். நாலு பெட்டி அடுக்க அவ்வளவு நேரம் எடுக்காது.

புறப்படும் நேரம் வந்தது. வாசலில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்த நிக்கலஸுக்கு எந்தச் சொல்லைச் சொல்வது என்று தெரியவில்லை. வருகிறேன் என்று சொல்ல தனக்கு என்ன உரிமை இருக்கிறது என்று பயந்தார்.

"சரி, போறன்" என்றார்.

றொய்ஸ்டன் கையை நீட்டிக் கதவைப் பிடித்துக்கொண்டான். திறக்கவில்லை.

"அப்பா," என்றான், தாயின் அதே குரலில், தமிழில். "போறன் எண்டு சொல்லக்கூடாது."

இருபத்திரண்டு வருடம் அடுத்தவர்களுக்குக் கதவு திறந்துவிட்ட மனிதர், அந்தக் கதவுக்கு முன்னால் பள்ளிக்கூடப் பிள்ளைபோல நின்றார்.

"போயிட்டு வாறன்."

"ஓம்," என்று கதவைத் திறந்தான் மகன். "வாங்கோ."