ஹெட்லைட் போட்டால் பசிக்கும் எஞ்சின்

என் அக்காவின் பட்டறைச் சுவரில் இரண்டு படங்கள் தொங்குகின்றன. ஒன்று டயர் கடை கொடுத்த காலண்டர். மற்றொன்று என் பட்டச் சான்றிதழின் நகல், கண்ணாடிச் சட்டம் போட்டது. எங்கள் வம்சத்தில் கல்லூரி வாசலை மிதித்து, ஒரு பாடத்தையும் பாக்கி வைக்காமல் வெளியே வந்த முதல் ஆள் நான். அதை வீட்டில் மாட்டாமல் கிரீஸ் வாசனைக்கு நடுவில் ஏன் மாட்டினாய் என்று ஒருமுறை கேட்டேன். "வீட்ல மாட்டினா யாருடா பார்ப்பா, பல்லியா?" என்றாள். கழற்றச் சொல்ல எனக்கும் மனம் வரவில்லை. உள்ளே நுழையும்போதெல்லாம் என் கண் முதலில் அங்கேதான் போகும்.

அக்கா கார்களுக்கு ஒயரிங் செய்கிறவள். நாங்கள் வளர்ந்த ஊரில் கார் என்று ஒன்று வந்தால் நாய்களெல்லாம் ஊர் எல்லை வரை கூடவே ஓடி வழியனுப்பிவிட்டு வரும். அங்கே இவள் கார் கற்றுக்கொள்ள வழியே இல்லை. கல்யாணமாகி வந்த புதிதில், பிரேக்கை மிதித்தால் ஹாரன் அடிக்கிற கார் ஒன்று மாமாவின் பட்டறைக்கு வந்திருக்கிறது. மாமா எஞ்சினைப் பிரித்துப் பூட்டுவதில் சூரர். ஒயர் என்றால் அவருக்குப் பாம்பு. சாப்பாடு கொண்டுவந்த அக்கா பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு ஒயரைப் பிடித்துக்கொண்டே போனாள். எலி கடித்த இடத்தில் போய் நின்றாள். சாப்பாடு ஆறிப்போனது, ஹாரன் வாயை மூடியது. அன்றிலிருந்து அவள் பாத்திரம் தூக்கி வருவது நின்றது. மாமா தூக்கி வருகிறார்.

அடக்கம் என்பது அவளுக்குத் தெரியாத தொழில். "ஒயர் என்கிட்ட பொய் சொல்லாது" என்பாள். இன்னொன்றும் சொல்வாள், தெருவுக்கே மனப்பாடம்: "வண்டியோட உடம்பெல்லாம் எர்த்து. போல்ட்டைப் பார்த்தியா, மாட்டு, போ." மின்சாரம் பாட்டரிக்குத் திரும்பும் வழிதான் எர்த்து; காரின் இரும்பு உடம்பில் எந்த போல்ட்டில் மாட்டினாலும் ஒன்றுதான் என்பது அவள் கட்சி.

இந்த முறை நான் விடுப்பில் போனபோது அவளுடைய அந்த வாய்ச்சத்தம் இல்லை. அவள் மேசையில் ஒரு சீலிங் ஃபேன் இறக்கை கழற்றிக் கிடந்தது.

"என்ன மாமா, காருக்கு ஃபேனா?"

"உங்கக்கா தொழில் மாத்தப் போறாளாம் மாப்ள. பக்கத்து வீட்டு ஃபேனுக்குக் காயில் சுத்தறாளாம்."

விஷயம் இதுதான். மேட்டுக் குடியிருப்புகளுக்குப் போய்ப் பிரசவம் பார்க்கும் நர்ஸம்மாவின் பழைய கார். அதன் எஞ்சின் கம்ப்யூட்டர் செத்துவிட்டது. அந்த மாதிரி இப்போது எங்கும் கிடைப்பதில்லை. அக்கா, நாமே சொல்லிக்கொடுத்தால் கேட்கிற புது வகைக் கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி மாட்டினாள். எவ்வளவு பெட்ரோல் ஊற்ற வேண்டும் என்பதைச் சத்தத்தைக் கேட்டு, புகையைப் பார்த்து, குத்துமதிப்பாகச் சொல்லிக்கொடுத்தாள். ஏற்றத்தில் பெட்ரோல் போதாமல் சூடேறி ஒரு பிஸ்டனில் விரல் நுழையும் அளவு ஓட்டை. மாமா எங்கெங்கோ அலைந்து இன்னொரு எஞ்சின் கொண்டுவந்து ஏற்றியிருந்தார். மூன்றாவது கிடைக்காது. இதுவும் போனால் வண்டி இரும்புக் கடைக்கு, நர்ஸம்மா கால்நடையாக மேட்டுக்கு.

"இதுவும் போச்சுன்னா நான் இனிமே கார்ல கை வைக்க மாட்டேன்டா டிகிரி" என்றாள் அக்கா. என்னை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். சொன்ன சொல்லை மீறுகிறவள் இல்லை.

இந்த முறை குத்துமதிப்பு வேண்டாம் என்று ஒரு வைட்பேண்ட் ஆக்ஸிஜன் சென்சார் வாங்கி வைத்திருந்தாள். கட்டைவிரல் பருமன், நுனியில் ஓட்டைகள் போட்ட தொப்பி. காரோடு வரும் சாதாரண சென்சார், பெட்ரோல் போதும், போதாது என்று தலையை மட்டும் ஆட்டும். இது எவ்வளவு என்று எண்ணிச் சொல்லும். புகையோடு வெளியே போகும் காற்றில் எரியாமல் தப்பிய ஆக்ஸிஜனைப் பிடித்து நிறுத்திக் கணக்குக் கேட்கிற சாமான் அது. கல்லூரியில் அதன் தத்துவத்துக்கு நான் முழு மதிப்பெண் வாங்கியவன். ஆனால் சாமானைக் கையில் வாங்கிப் பார்த்தது அன்றுதான். கோவில் வாசலில் நிற்பவன் போலச் செருப்பைக் கழற்றக் கால் தானாகப் போனது.

மாமா புகைக் குழாயில் ஓட்டை போட்டு, சென்சார் திருகும் நட்டைச் சாய்வாகப் பற்றவைத்தார். சென்சாரின் நுனி கீழே பார்த்து நின்றால்தான் அதில் நீர் தேங்காதாம். பூட்டுவதற்கு முன்னால் சென்சாருக்குச் சுத்தமான காற்றைக் காட்ட வேண்டும். அதுதான் காற்று என்று அது முதலில் அறிந்துகொண்டால்தான் பிறகு புகையை எடை போடும். அக்கா மின்சாரம் கொடுத்து, இடுக்கியால் பிடித்துத் தெருவில் நீட்டினாள். தொப்பிக்குள் செக்கச்சிவந்து ஒரு புள்ளி எரிந்தது. அதோடு வந்த வட்ட மீட்டரில் 20.9 வந்து நின்றது.

"நூறு பங்கு காத்துல இருபத்தொண்ணு பங்கு ஆக்ஸிஜன்க்கா. உலகம் பூரா இதான்."

அக்கா கொஞ்சம் தள்ளி நின்று மெதுவாக ஊதினாள். எண் பதினேழுக்கு இறங்கியது. மூச்சை அடக்கி வைத்திருந்து ஊதினாள். இன்னும் இறங்கியது. அவள் முகத்தில் சிரிப்பே இல்லை.

"டேய், நான் எடுத்துக்கிட்டது போக மிச்சத்தைச் சொல்லுதுடா."

மாமாவும் ஊதினார். அவருக்கும் அதே பதினேழு.

"பாத்தியா, உனக்கும் எனக்கும் வித்தியாசம் இல்லைங்குது" என்றார்.

"வாயைத் தொறந்தா தெரியும் வித்தியாசம்" என்றாள் அக்கா. பல நாளுக்குப் பிறகு வந்த முதல் கிண்டல் என்று மாமா பின்னால் என்னிடம் சொன்னார்.

அடுத்தது ஒயரிங். சென்சாரை இயக்கும் சின்னப் பெட்டியிலிருந்து வந்த ஒயர்களில் எர்த் மட்டும் இரண்டு: ஒன்று அதன் சூட்டுக் கம்பிக்கு, மற்றொன்று அது அனுப்பும் செய்திக்கு. கூட வந்த தாளைப் படித்துவிட்டு, செய்திக்கான எர்த்தைக் கம்ப்யூட்டரின் எர்த்தோடு சேர்க்கச் சொல்கிறது என்றேன்.

"எர்த்துல என்னடா முதல் வகுப்பு, ரெண்டாம் வகுப்பு?" இரண்டையும் காரின் உடம்பில் ஒரே போல்ட்டுக்குக் கீழே இறுக்கினாள்.

மறுநாள் ஏற்றத்துக்குப் புறப்பட்டோம். அக்கா ஓட்டினாள். பக்கத்தில் மடியில் லேப்டாப்போடு நான். "என் வண்டி, நான் வராமலா?" என்று நர்ஸம்மா பின்னால் ஏறிக்கொண்டார். முன் பலகையில் ஒட்டிய வட்ட மீட்டர் சென்சார் சொல்வதைக் காட்டும். லேப்டாப் திரை, கம்ப்யூட்டர் காதில் என்ன விழுகிறது என்பதைக் காட்டும். ஒரு பங்கு பெட்ரோலுக்கு எத்தனை பங்கு காற்று, இப்போது இரண்டிலும் இதுதான் எண். ஏற்றத்தில் பன்னிரண்டரை இருந்தால் எஞ்சின் குளிர்ச்சியாக இழுக்கும். எண் ஏற ஏற நெருப்பு.

பாதி ஏற்றத்தில் மேகம் இறங்கிவிட்டது. அக்கா ஹெட்லைட்டைப் போட்டு, ஆக்ஸிலரேட்டரை அழுத்தினாள்.

"என்ன சொல்லுது?"

"பன்னெண்டு. பெட்ரோல் ஜாஸ்தியாவே போகுதுக்கா. கொஞ்சம் குறைக்கறேன்."

என் விரல் விசையில் இருந்தது. அக்கா வட்ட மீட்டரைப் பார்த்தாள். பதின்மூன்றரை. படக்கென்று காலை எடுத்தாள்.

"கையை எடுடா!"

ஓரமாக நிறுத்தினாள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஒரே புகைக்கு இரண்டு சாட்சிகள். திரையை நம்பிப் பெட்ரோலைக் குறைத்து, மீட்டர் சொன்னது உண்மையாக இருந்தால் அடுத்த வளைவில் பிஸ்டன் உருகும். அக்காவின் கை ஸ்டியரிங்கிலேயே இருந்தது.

"ஏம்மா, இறங்கிப் போயிடலாமா?" என்றார் நர்ஸம்மா.

அக்கா நிற்கும் வண்டிக்கு எதற்கு என்று ஹெட்லைட்டை அணைத்தாள். திரையில் எண் ஏறியது. மீட்டர் அசையவில்லை. மறுபடி போட்டாள். திரையில் இறங்கியது. அணைத்தாள், ஏறியது. எஞ்சின் சத்தத்தில் துளி மாற்றம் இல்லை.

"ஹெட்லைட் போட்டா எஞ்சினுக்குப் பசி எடுக்குமாடா?"

தாளில் படித்தது அப்போதுதான் எனக்கே விளங்கியது.

"அக்கா, ரெண்டு பேர் ஒரே சுவத்தை அளக்கறாங்க. ஒருத்தர் தரையில நிக்கறாரு. இன்னொருத்தர் ஸ்டூல் மேல நிக்கறாரு. ஸ்டூல் மேல நிக்கறவருக்குச் சுவர் குட்டையாத்தானே தெரியும்?"

அக்கா ஹெட்லைட் விசையை இன்னொரு முறை தட்டிப் பார்த்தாள்.

"ஸ்டூலைப் போடறது ஹெட்லைட்டு."

"ஆமா."

"கம்ப்யூட்டரோட எர்த்தை நான் வண்டியோட பழைய எர்த் முடிச்சுலதான் சேர்த்தேன். ஹெட்லைட், ரேடியேட்டர் ஃபேன், எல்லாம் அங்கதான் வந்து நிக்குது. விளக்கைப் போட்டா அங்க கரண்ட் கூட்டம் ஏறுது, கம்ப்யூட்டரும் சேர்ந்து ஸ்டூல் மேல ஏறுது." தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். "அப்ப உடம்பெல்லாம் ஒரே எர்த்து இல்ல."

வெட்கப்படுவாள், அல்லது என்மேல் எரிந்து விழுவாள் என்று நினைத்தேன். அவள் கண் விரிந்திருந்தது. தெருவில் சென்சாரை ஊதியபோது இருந்த அதே முகம். இத்தனை வருடம் நின்ற தரைக்கு மேடு பள்ளம் உண்டு என்று தெரிந்தவளின் முகம். படித்துத் தெரிந்துகொண்ட எதற்கும் நான் அப்படி ஆனதில்லை.

எஞ்சினை நிறுத்தி இறங்கினாள். தூறலில் கால் இரண்டும் கதவுக்கு வெளியே நீட்டியிருக்க, தலையை முன் பலகைக்கு அடியில் நுழைத்துக்கொண்டாள். நர்ஸம்மா குடை பிடித்தார். செய்திக்கான எர்த்தைக் காரின் உடம்பிலிருந்து கழற்றி, கம்ப்யூட்டரின் எர்த் ஒயரோடு முறுக்கிச் சேர்த்தாள்.

"பயமா இருக்காம்மா?" என்றார் நர்ஸம்மா.

"குளிருது."

"எனக்கும் முதல் பிரசவத்துல குளிரத்தான் செஞ்சுது."

வண்டியைக் கிளப்பி ஹெட்லைட்டைப் போட்டாள். திரையும் மீட்டரும் ஒரே எண்ணில் நின்றன. மெல்ல ஏற்றத்தில் விட்டாள். இரண்டும் பதின்மூன்றரை என்றன. மீட்டர் சொன்னதுதான் நிஜம், பெட்ரோல் போதவில்லை. நான் குறைக்கப் போன இடத்தில் கூட்டினேன். பதின்மூன்று. இன்னும் கொஞ்சம். பன்னிரண்டரை.

"போகலாமாடா?"

"போக்கா."

மிதித்தாள். வண்டி மேகத்துக்குள் ஏறியது. ஒவ்வொரு வளைவிலும் இரண்டு எண்களும் ஒன்றாக ஏறின, ஒன்றாக இறங்கின, கைகோத்துக்கொண்டு நடக்கிற இரண்டு பேர் மாதிரி. எங்கள் காலடியில், நெருப்பு போகிற குழாயில், ஒரு சிவந்த புள்ளி ஒவ்வொரு மூச்சையும் எண்ணிக்கொண்டிருந்தது. உச்சிக்குப் போகும் வரை எஞ்சின் மட்டும் பேசியது, கோபமில்லாமல்.

உச்சியில் நிறுத்திவிட்டு அக்கா ஹெட்லைட்டைப் போட்டாள், அணைத்தாள். போட்டாள், அணைத்தாள்.

"மாறலடா" என்றாள். மறுபடியும் போட்டுப் பார்த்தாள்.

இறங்கும்போது நர்ஸம்மாதான் ஓட்டினார். பட்டறை வாசலில் மாமா நின்றுகொண்டிருந்தார். எங்கள் முகத்தைப் பார்க்காமல் முதலில் எஞ்சினுக்குக் காது கொடுத்தார். பிறகுதான் சிரித்தார்.

அக்கா இறங்கியதும் இறங்காததுமாகக் குரலை உயர்த்தினாள். "வண்டியோட உடம்பெல்லாம் எர்த்துன்னு எவன்யா சொன்னது?"

"நீதானடி தெரு பூரா சொல்லிக்கிட்டுத் திரிஞ்ச!"

"அது நேத்து வரைக்கும்."

நேராக மேசைக்குப் போனாள். மழையில் நனைந்த கையைத் துடைத்துக்கொண்டே சீலிங் ஃபேனின் இறக்கையையும் மோட்டாரையும் சேர்த்துத் தூக்கி மாமாவின் கையில் கொடுத்தாள்.

"இதைப் பக்கத்து வீட்லயே கொண்டுபோய்க் குடுத்துடு. ஃபேனுக்கெல்லாம் இங்க ஆள் இல்லைன்னு சொல்லு."