நாயின்ரை நிறையைச் சொல்லுங்கோ

பலகை விக்கிற தொழிலிலை நிண்டால் ஒண்டு விளங்கும்: ஆக்கள் தங்கடை வருத்தத்தைச் சொல்லுவினம், வீட்டுச் சண்டையைச் சொல்லுவினம், நிறையை மட்டும் சொல்லமாட்டினம்.

நான் சொல்லுறது, நிண்டுகொண்டு துடுப்புப் போடுற காத்தடிச்ச பலகை. இஞ்சை சுவிசிலை அதைச் சப் எண்டுவினம். கோடை வந்தால் ஏரி முழுக்க அதுதான். இப்ப அதிலை நாயையும் ஏத்திக்கொண்டு போகினம். ஆளுக்கும் நாய்க்கும் சேத்துப் பொருத்தமான பலகையைப் பாத்துக் குடுக்கிறதுதான், டீட்டிகோனிலை ஒரு விளையாட்டுச் சாமான் கடையிலை என்ரை வேலை. கவுண்டரிலை சிரிச்சுக்கொண்டு நிண்டு கால் வீங்கின ஆக்களுக்கு மிச்சத்தை நான் சொல்லத் தேவையில்லை.

அதுக்கு முதல் பதினாறு வருசம் அதே கடையின்ரை லாகரிலை, பின்பக்கச் சாமான் கிடங்கிலை, பெட்டி தூக்கினனான். முதுகு பழுதாப் போச்சு. இனியும் பாரம் தூக்கினால் படுக்கைதான் எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். பொறுப்பாளர் டானியல் என்னைக் கூப்பிட்டு, மூண்டு மாதம் முன்னுக்கு நிண்டு பார், சரிவந்தால் அங்கையே இரு, சரிவராட்டி திரும்ப லாகர்தான், வேறை இடம் என்னட்டை இல்லை எண்டார். நீந்தத் தெரியும்தானே எண்டும் கேட்டார். ஓம் எண்டன்.

எனக்கு நீந்தத் தெரியாது. நாயெண்டாலும் பயம். அந்த நேரத்திலை பறக்கத் தெரியுமோ எண்டு கேட்டிருந்தாலும் ஓம் எண்டுதான் சொல்லியிருப்பன்.

முடிவெடுத்தவர்

முதல் கிழமையே ஒரு மனுசன் தன்ரை கால் குட்டையான நாயோடை வந்தார். ரெண்டு மணித்தியாலம் நிண்டார் எண்டால் நம்புங்கோ. ஒவ்வொரு பலகைக்கும் நீளம் என்ன, அகலம் என்ன, எத்தினை லீற்றர் காத்துப் பிடிக்கும் எண்டு கேட்டுக் கேட்டு ஒரு கொப்பியிலை எழுதினார். நானும் பாடமாக்கினதை ஒப்புவிச்சன். நாயோடை போறதெண்டால் அகலம் கூட வேணும், மேலை ஒட்டின ரப்பர் விரிப்பு முன்நுனி வரைக்கும் போகவேணும், இல்லாட்டி நகம் வழுக்கும். நாய் ஒரு அடி கிட்ட வந்தால் நான் ரெண்டு அடி பின்னாலை போறன். அப்பிடிப் போய்ப் போய்க் கடைசியிலை கூடாரம் விக்கிற பக்கத்திலை நிண்டுதான் விளக்கம் சொன்னன்.

நாய்க்கு அலுத்துப்போச்சு. காத்தடிச்சு நிலத்திலை போட்டிருந்த மூண்டு பலகையிலை நடுவிலை கிடந்ததிலை ஏறி, ரெண்டுதரம் சுத்திப்போட்டுச் சுருண்டு படுத்திட்டுது. அது நான் சிபாரிசு செய்ததுமில்லை, அவர் கொப்பியிலை எழுதினதுமில்லை. மனுசன் கொப்பியை மூடினார். "அவர் முடிவெடுத்திட்டார். நாங்கள் ரெண்டு பேரும் இன்னும் ஏன் கதைக்கிறம்?"

எலும்பும் தோலும்

வசந்தியக்கா அட்லிஸ்வில்லிலை இருக்கிறவ. முருகன் கோயிலிலை கண்டு தலையாட்டின பழக்கம். நாய் மகன் வாங்கினது. மகன் வேலை கிடைச்சு ஜெனீவாவுக்குப் போக, நாய் இவவோடை நிண்டிட்டுது. பக்கத்து வீட்டு மனுசி தன்ரை நாயோடை ஏரியிலை போறதைப் பாத்து, தானும் ரொக்கியோடை போகவேணும் எண்டு ஆசைப்பட்டு வந்தவ. ரொக்கி எண்டது நாம்பன் மாட்டுக் கண்டு அளவிலை ஒரு நாய். நிறை எவ்வளவு அக்கா எண்டு கேட்டன். இருபது கிலோ இருக்கும் தம்பி, இவன் ஒண்டும் தின்னுறேல்லை, எலும்பும் தோலுமாப் போனான் எண்டா.

எங்கடை சனத்தைத் தெரியும்தானே. கொழுகொழு எண்டு நிக்கிற பிள்ளையைக் காட்டி, சாப்பிடுறானே இல்லை எண்டுவினம். நிறையை உள்ளபடி சொன்னால் நாவூறு, கண்ணூறு பட்டிடும் எண்ட பயம். கேக்கிறவரும், ஓம், மெலிஞ்சுதான் போனான் எண்டு சொல்லவேணும். அதுதான் மரியாதை. எனக்கும் வாய் தானா அப்பிடியே சொல்லிப்போட்டுது. மெலிஞ்சுதான் இருக்கிறான் அக்கா எண்டன். அவவின்ரை நிறையை நான் கேக்கவேயில்லை, ஒரு அக்காவிட்டை அதை எப்பிடிக் கேக்கிறது. கண்ணாலை பாத்த நாயை விட்டிட்டு, காதாலை கேட்ட நாய்க்கு ஒரு சின்னப் பலகையைக் குடுத்து அனுப்பினன்.

அடுத்த கிழமை பலகையும் கையுமாத் திரும்பி வந்தா. கரையிலையிருந்து கொஞ்சத் தூரம் போகவே பலகை நடுவிலை வாழைப்பழம் மாதிரி வளைஞ்சுதாம். அவ பயத்திலை பல்லைக் கடிச்சுக்கொண்டு நிண்டிருக்கிறா. ரொக்கி திரும்பித் திரும்பி இவவைப் பாத்திருக்குது. ஒருக்கால் முழுசா எழும்பித் திரும்ப, ரெண்டுபேரும் தண்ணிக்குள்ளை. உயிர்காப்புச் சட்டை போட்டிருந்தபடியால் ஒண்டும் நடக்கேல்லை. அவ சத்தம் போடேல்லை, அதுதான் எனக்குக் கஷ்டமா இருந்தது. "நான் நாவூறுக்குப் பயந்து குறைச்சுச் சொன்னன். நீங்கள் கடைக்காரர், நீங்களும் என்னோடை சேந்து பயப்பிடலாமோ தம்பி?"

தராசு

டானியல் விசயத்தைக் கேட்டிட்டு, ரெண்டாந்தரம் இப்பிடி நடந்தால் லாகர்தான் எண்டு சுருக்கமாச் சொன்னார். அதிலை பிழை சொல்ல ஏலாது. நான் அண்டைக்கே லாகருக்குப் போய், பார்சல் நிறுக்கிற தராசைத் தள்ளிக்கொண்டு வந்து பலகைகளுக்குப் பக்கத்திலை வைச்சன். நாயைத் தூக்கிக்கொண்டு ஆள் ஏறவேணும், தூக்க ஏலாத நாயெண்டால் தனித்தனிய ஏறவேணும். இலக்கம் எனக்கு மட்டும் தெரியிற மாதிரித் திருப்பி வைச்சன். நான் வாய் திறந்து சொல்லுறேல்லை. நேர பொருத்தமான பலகைக்குப் பக்கத்திலை போய் நிப்பன். சனத்துக்கு அது பிடிச்சுக்கொண்டுது. பலகை வாங்காத ஆக்களும் நாயை நிறுக்கக் கொண்டுவரத் தொடங்கிச்சினம். அப்பிடியே நாய்ப் பயமும் அரைவாசி போச்சு.

ஆனால் என்ரை மூண்டாம் மாதத்துக் கடைசிச் சனிக்கிழமை ஏரிக்கரையிலை பலகை பரிசோதிக்கிற நாள். வாங்க வாறவையோடை நானும் தண்ணியிலை இறங்கிக் காட்டவேணும். டானியல் அண்டைக்குப் பாத்திட்டுத்தான் முடிவு சொல்லுவார். மத்தியான இடைவேளையிலை, கடை நிலத்திலை கிடந்த பலகையிலை ஏறி முழங்காலிலை நிண்டு துடுப்புப் போட்டுப் பழகினன். என்னோடை வேலை செய்யிற நிக்கோல் அப்பிள் கடிச்சுக்கொண்டு கனநேரமாப் பாத்துக்கொண்டு நிண்டிருக்கிறாள். "சிவா, தரையிலை நீ நல்லா நீந்துறாய்."

முன் இருக்கை

அந்தச் சனிக்கிழமை முதல் ஆளா வந்து நிண்டது வசந்தியக்காவும் ரொக்கியும். கரைக்குக் கொண்டுவந்திருந்த தராசிலை ரொக்கி நாப்பத்தியொரு கிலோ. இந்த முறை அவவே எட்டி இலக்கத்தைப் பாத்தா. நீளமும் அகலமும் கூடின பலகையை எடுத்துக் குடுத்தன். தம்பி, முதல் நீங்கள் இவனை ஒரு சுத்துக் கொண்டுபோய்க் காட்டுங்கோ, பிறகு நான் போறன் எண்டா. டானியல் கையைக் கட்டிக்கொண்டு பாத்துக்கொண்டு நிக்கிறார்.

நான் உயிர்காப்புச் சட்டையின்ரை கொளுவியைப் பூட்டினன், கழட்டினன், திரும்பப் பூட்டினன். அந்த மனுசி ஒரு பொய்யாலை ஒருக்கால் தண்ணிக்குள்ளை விழுந்தது. இப்ப என்ரை பொய்யை நம்பித் தன்ரை நாயை ஏத்தப் போகுது. என்னாலை முடியேல்லை. டானியல், எனக்கு நீந்தத் தெரியாது எண்டு எல்லாருக்கும் முன்னாலை சொன்னன். சொல்லேக்கை முதுகுதான் ஞாபகம் வந்தது. போச்சு எல்லாம் எண்டு நினைச்சன்.

டானியலின்ரை முகம் சிவந்துபோச்சு. மூண்டு மாதமா ஏன் மறைச்சனீ எண்டு மெதுவாக் கேட்டார். அது கத்தினதிலும் மோசம். பிறகு என்ன நினைச்சாரோ, பலகையைத் தண்ணியிலை தள்ளிப்போட்டு, முன்னுக்கு நாய் இருக்கிற இடத்திலை போய் இரு எண்டார். இருந்தன். அவர் எனக்குப் பின்னாலை நிண்டு துடுப்புப் போட்டார். தண்ணி இடுப்பளவுதான், ஆனால் எனக்கு அது கடல். முன்னாலை தண்ணி மட்டும்தான் தெரியுது. பின்னாலை ஆர் என்ன செய்யினம் எண்டு தெரியாது. பலகை அசையிற நேரமெல்லாம் இந்தாள் இன்னும் நிக்கிறாரோ, விழுந்திட்டாரோ எண்டு திரும்பிப் பாக்கச் சொல்லுது மனம். திரும்பினால் பலகை ஆடுது. சும்மா இரு, ஆட்டாதை எண்டு டானியல் பேசத் தொடங்கினார். பேச்சு எண்டால் ஏச்சுத்தான், ஆனால் அந்தச் சத்தம் கேட்ட உடனை எனக்குத் திரும்பத் தேவைப்படேல்லை.

கரைக்கு வந்து நேர வசந்தியக்காவிட்டைப் போனன். அக்கா, அண்டைக்கு நீங்கள் வாய் திறக்காமல் நிண்டனீங்கள், அவனுக்கு நீங்கள் பின்னாலை இருக்கிறியளோ எண்டு தெரியேல்லை, அதுதான் திரும்பினவன். பலகை பிழைதான், ஆனால் பலகை மட்டும் பிழையில்லை. இந்த முறை வாய் மூடாமல் கதைச்சுக்கொண்டு போங்கோ எண்டன். என்னத்தைக் கதைக்கிறது எண்டா. மகனைப் பேசுங்கோ எண்டன்.

பேச்சு எண்டால் அதுதான் பேச்சு. ஒரு கிழமையா ரெலிபோன் எடுக்காதவன், சமைக்கத் தெரியாதவன், நாயை வாங்கித் தலையிலை கட்டிப்போட்டுப் போனவன் எண்டு ஏரி முழுக்கத் தமிழ் கேட்டுது. முழங்காலிலை நிண்டபடி துடுப்புப் போட்டுப் பேசிக்கொண்டே போனா. ரொக்கி ஒருக்காலும் திரும்பேல்லை. காதை மட்டும் பின்னுக்கு மடிச்சுக்கொண்டு, நாடியைப் பலகை நுனியிலை வைச்சுப் படுத்திருந்தது. எனக்குக் கண் கலங்கிப்போச்சு, வெய்யில் எண்டு நிக்கோலுக்குச் சொன்னன்.

டானியல் அவையைப் பாத்தபடி எனக்குப் பக்கத்திலை வந்தார். எட்டு வருசமாப் பலகை விக்கிறன், நானே நாயின்ரை இடத்திலை ஒருநாளும் இருந்து பாக்கேல்லை எண்டார். பிறகு சட்டைப் பையிலையிருந்து நீச்சல் வகுப்புக்குப் பதியிற கடதாசி ஒண்டை எடுத்து என்னட்டை நீட்டினார். தன்ரை மகளுக்கெண்டு எடுத்து வைச்சிருந்ததாம். "இதை நிரப்பிக் குடு. திங்கட்கிழமை நான் லாகரிலை உன்ரை இடத்துக்கு வேறை ஆள் தேடவேணும்."

பலகை விக்கிறவன் நீந்தத் தெரியாமலும் மூண்டு மாதம் சமாளிக்கலாம், நாயின்ரை இடத்திலை ஒருக்கால் இருந்து பாக்காமல் ஒரு பலகையைத்தானும் ஒழுங்கா விக்க ஏலாது.