இரண்டு பேர் ஊதிய ஒரே சுரம்

இசைக்குழுவில் அவள் இரண்டாவது புல்லாங்குழல். முதல் குழல் அவளுடைய அண்ணி. அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்த நாள் முதல் வீட்டிலும் வேலையிலும் அண்ணிக்குப் பக்கத்தில் அவள்தான். நாத்தனார் சண்டையை எதிர்பார்த்துக் காத்திருந்தவர்கள் அலுத்துப் போனார்கள்.

அந்த ஆண்டு ஒரு பாலே நடனத்துக்கு வாசித்தார்கள். கிரேக்கப் பழங்கதை. சிக்கலான சுரங்கவழிக்குள் போகும் வீரனுக்கு ஓர் இளவரசி நூல்கண்டு கொடுத்து உயிரோடு மீட்கிறாள். அவனோ ஒரு தீவில் அவளைத் தூங்கவிட்டுக் கப்பலேறிவிடுகிறான். மூன்றாம் பகுதி முழுக்க அந்தத் தூக்கம்தான்.

அதில் குழலுக்கு ஒரே சுரம். அதுதான் நூல். மேலே அது நகராமல் நிற்கும். கீழே செல்லோக்கள், அந்தப் பெரிய வயலின்கள், அலையாக ஆடும். முதலில் இரண்டும் தேனாக ஒட்டும். பிறகு ஊதுகொம்புகள் கப்பலாக நுழைய, அடியிலிருக்கும் சுரங்கள் மெல்ல இறங்கும். குழல் இம்மியும் அசைந்திருக்காது. ஆனாலும் அதே சுரம் இப்போது கசக்கும். தூங்குகிறவளுக்குத் தெரியாது, கேட்கிறவர்களுக்குத் தெரிந்துவிடும்.

அவ்வளவு நேரம் தம் பிடிக்க எந்த நுரையீரலாலும் ஆகாது. அண்ணிக்கு மூச்சு தீரும் இடத்தில் இவள் அதே சுரத்தைச் சத்தமில்லாமல் நுழைப்பாள். அண்ணி காற்றை இழுத்துக்கொண்டு திரும்பியதும் நழுவிவிடுவாள். கேட்பவர்களுக்கு ஒரே ஆள். கைதட்டலுக்கு எழுந்து நிற்பதும் ஒரே ஆள்தான்.

அதில் அவளுக்குக் குறையில்லை. "நான் எந்திரிச்சா இந்த நாற்காலி உனக்குத்தான்டி. நானே சார்கிட்ட பேசறேன்" என்று அண்ணி எத்தனையோ தடவை சொல்லியிருந்தாள்.

கடைசி ஒத்திகையில், டீ குடிக்கும்போது இசை நடத்துநர் அவளிடம் வந்தார். "இந்த வருஷத்தோட உங்க அண்ணி ஓய்வு எடுக்கறாங்க. அப்புறம் அவங்க அக்கா பொண்ணுதான் முதல் குழல். கொஞ்சம் பழக்கிவிடுங்க."

"யார் சொன்னது?"

"அண்ணியேதான். பின்னால இருக்கறதுதான் உங்களுக்குப் பிடிக்கும்னாங்களே."

அண்ணி உடை மாற்றும் அறையில் குழலைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"பின்னால இருக்கத்தான் எனக்குப் பிடிக்குமாமே அண்ணி? என்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா தெரிஞ்சிருக்கும்."

"கோச்சுக்காதடி. வேலை இல்லேன்னு அவளுக்கு வர்ற வரனெல்லாம் தட்டிப் போகுது. நீ நம்ம வீட்டுப் பொண்ணு, அனுசரிச்சுப் போவே."

"அனுசரிக்கறதுக்கு நான், உக்கார்றதுக்கு அவளா?"

"அப்புறம் பேசிக்கலாம், போ."

அன்று மாலை அரங்கு நிறைந்திருந்தது. மூன்றாம் பகுதியில் கொம்புகள் நுழைந்தன. சுரம் கசக்கத் தொடங்கியது. அண்ணியின் தோள் லேசாக ஏறியது. மூச்சு தீர்கிறது என்று அர்த்தம்; அந்தத் தோளை அவளைவிட நன்றாக அறிந்தவர் யாருமில்லை. குழலை உதட்டில் வைத்தாள். ஊதவில்லை.

நூல் அறுந்தது. செல்லோக்கள் மட்டும் ஆடிக்கொண்டிருந்தன. மேடையில் தூங்கிக்கொண்டிருந்த நடனக்காரி திடுக்கிட்டுத் தலையைத் தூக்கினாள். அண்ணி மீண்டும் ஊதியபோது சுரம் நடுங்கியது.

திரை விழுந்ததும் நடத்துநர் ஓடி வந்து அண்ணியின் கைகளைப் பிடித்துக்கொண்டார். "என்னம்மா யோசனை இது! இளவரசி முழிச்சுக்கற இடமே அதுதான். இத்தனை நாள் எனக்குத் தோணலையே!"

அண்ணி நாத்தனாரை ஒரு தடவை பார்த்தாள். "ரொம்ப நாளா மனசுல இருந்துச்சு சார்" என்றாள்.

"இனிமே தினமும் இப்படியே. ரெண்டாவது குழல் அங்க வேண்டாம்."

நாத்தனார் பென்சிலை எடுத்து, தன் இசைத்தாளில் அந்த இடத்தைத் தானே கோடு போட்டு அடித்தாள்.

"வாடி, பஸ் போயிடும்" என்றாள் அண்ணி, பையைத் தோளில் மாட்டியபடி.

"போங்க அண்ணி" என்றாள் அவள். அடுத்த பஸ்ஸுக்காகத் தனியாக நின்றாள்.