ஊ யோனின் செங்கல் நிறச் சட்டை

அழுகின மீனும் மண்ணெண்ணெயும் நனைந்த சாக்கும் ஒன்றாகச் சேர்ந்தால் ஒரு நாற்றம் வருமே, அதுதான் என் பதின்மூன்றாவது வயது. என் இரும்பு அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு பழைய பந்தாட்டச் சட்டை கிடக்கிறது. ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது; எத்தனையோ தடவை துவைத்தாயிற்று, ரசகற்பூர உருண்டை போட்டாயிற்று, என் வீட்டம்மாவிடம் வாங்காத திட்டெல்லாம் வாங்கியாயிற்று. ஆனாலும் ரங்கூனில் மழை பிடித்துக்கொண்டதும் அது மறுபடி நாற ஆரம்பித்துவிடும். போன வாரம் வேறு எதையோ தேடி அலமாரியைத் திறந்தேன், நாற்றம் முகத்தில் அறைந்தது. அந்த நாற்றத்தோடுதான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். இன்றைக்கு ரங்கூன் பபேடான் பேட்டையில் இரும்புச் சாமான், பெயிண்டு என்றால் என் கடை வாசலை மிதிக்காமல் யாரும் வீடு கட்ட முடியாது. ஆற்றுக்கு அக்கரையில் தன்லியினில் கிடங்கு இருக்கிறது. இதெல்லாம் எனக்கு யாரும் தூக்கிக் கொடுத்ததில்லை, என் தோளில் சுமந்து நான் உண்டாக்கியது. படித்தவர்கள் எழுதுகிற மாதிரி எனக்கு எழுத வராது. ஆனால் ரொமேனியா தேசத்தில் ஒரு பந்தாட்ட கிளப் எப்படிப் பிறந்தது, எப்படிச் சீரழிந்தது என்று கேட்டால், இந்த ஊரில் என்னை விட்டால் சொல்ல ஆளில்லை. தேசப்படத்தில் அந்தத் தேசத்தை விரல் வைத்துக் காட்டத் தெரியாதுதான், அதனால் என்ன?

அதைச் சொன்னவர் ஊ யோன். யோன் என்பது அவர் பெயர்; மரியாதைக்கு முன்னால் "ஊ" போட்டது நாங்கள், இந்த ஊர் வழக்கப்படி; பெண்களுக்கு "டோ". தன்லியினில் ஓர் ஆலைக்கு இயந்திரம் பூட்ட அவருடைய ரொமேனியா சர்க்கார் அனுப்பிய ஆட்களில் ஒருவர். அப்போது ஆற்றுக்குப் பாலம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை படகில் இக்கரைக்கு வந்து, எங்கள் தெரு முனைத் தேநீர்க் கடையில் மதியம் வரை உட்கார்ந்திருப்பார். எருமை மாதிரி உடம்பு, குழந்தை மாதிரி கண், கை இரண்டும் வெந்து உரிந்தது போலச் சிவப்பு. ஆலையில் பொறுக்கிய பர்மியப் பேச்சை வைத்துக்கொண்டு, மிச்சத்தைக் கையாலும் காலாலும் மேசைமேல் தேநீர்க் கோப்பைகளை நகர்த்தியும் சொல்லிவிடுவார். கைகள் ஏன் அப்படி என்று கேட்டதற்குத்தான் கிளப் கதையே தொடங்கியது. இயந்திர வேலைக்கு வருமுன் அவர் தம் ஊர் கிளப்பில் சட்டை துவைக்கிறவராக இருந்தாராம்.

சரக்கு ரயில் பெட்டி செய்கிற பட்டறைத் தொழிலாளிகள் சேர்ந்து தொடங்கிய கிளப் அது. பெட்டிக்கு அடிப்பூச்சாகப் பூசுகிற செங்கல் நிறத்தையே சட்டைக்கும் வைத்துக்கொண்டார்கள்; அந்த நிறத்தை நானும் இன்றைக்கு டப்பா டப்பாவாக விற்கிறேன். கொட்டகைக்குப் பின்னால் மைதானம். ஆட்டம் வேண்டுமென்றால் முதலில் பெட்டிகளைத் தள்ளி ஓரம்கட்ட வேண்டும். பிறகு ஒரு மர வியாபாரி வந்து பணத்தைப் போட்டு வாசலில் தன் பெயரைப் பூசினான். உலகச் சண்டை வந்தது, மைதானத்தில் உருளைக்கிழங்கு பயிர் போட்டார்கள். சண்டை முடிந்து புது ஆட்சி வந்தது. வியாபாரி பெயர் அழிந்து ஏதோ ஓர் இலாகாவின் பெயர் ஏறியது, சட்டை நீலமானது. அந்த நீலச் சட்டையில்தான் ஒரே ஒரு வருடம் கோப்பை ஜெயித்தார்கள். கோப்பை நிறையச் சாராயம் ஊற்றித் தெருத் தெருவாகக் குடித்தார்களாம். கடைசியில் மேலிடத்துப் பெரிய மனிதர் ஒருவருக்குத் தம் சொந்த ஊரிலும் முதல் வகுப்பு கிளப் ஒன்று இருந்தால் தேவலை என்று ஆசை வந்தது. ஒரு காலையில் பேருந்து வந்து நின்றது, ஆட்டக்காரர்களை ஏற்றிக்கொண்டு போனது, அவ்வளவுதான். வாசலில் நின்று பார்த்தவர் ஊ யோன்.

"யார் இப்படியெல்லாம் பண்ணச் சொன்னது?" என்று ஒவ்வொரு கட்டத்திலும் நான் கேட்பேன். அவர் சுட்டுவிரலைக் கூரையைப் பார்த்து நீட்டுவார். "மேலே இருந்து."

அந்த மழைக்காலத்து நடுவில் ஒரு ஞாயிறு, அவர் ஒரு துணி மூட்டையோடு வந்தார். உள்ளே பதினோரு சட்டை, எல்லாம் செங்கல் நிறம். நீலம் ஏறியபோது அவர் ஒளித்துவைத்த பழைய சட்டைகள். தேசம் தாண்டி வரும்போதும் கூடவே கொண்டுவந்திருந்தார். எங்கள் தெருப் பையன்களுக்கு நான்தான் கேப்டன். என்னைவிட வேகமாக ஓடுகிறவன் அப்போது பபேடானிலேயே இல்லை, பொய்யில்லை. மூட்டையை என் கையில் வைத்து அவர் சொன்னது இவ்வளவுதான்: "பேரை உங்க வாய்க்கு வந்தபடி வச்சுக்கோ. நிறத்தை மட்டும் தொடாதே. அடுத்த மாசம் நான் ஊருக்குப் போறேன். அதுக்குள்ளே இதைப் போட்டு ஒரு ஆட்டம். நான் பார்க்கணும்." அந்த எருமை உடம்புக்காரர் அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாங்கள் எங்களுக்கு "செங்கல் செட்டு" என்று பெயர் வைத்துக்கொண்டோம். க்யிம்யிண்டைங் படகுத்துறைப் பையன்களோடு ஆட்டம் என்று முடிவானது. மைதானம் புத்த மடத்தின் மதிலை ஒட்டியது. முதல் நாள் பழகப் போனபோது பதினொருவரும் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு வரிசையாக நடந்தோம். வழியில் மொஹிங்கா, அதான் மீன் குழம்புச் சேமியா, விற்கிற டோ ம்யா எங்களைப் பார்த்துவிட்டு, "என்னடா, எல்லாரும் ஒரே நாளில் சந்நியாசம் வாங்கிட்டீங்களா? திருவோடு எங்கே?" என்று சிரித்தாள். அப்போதுதான் எங்களுக்கே உறைத்தது. இந்த ஊர்ப் பிக்குகள் உடுத்துகிற காவியும் அந்தச் செங்கல் நிறமும் அக்கா தங்கை மாதிரி.

அது வெறும் கேலி. ஆனால் அந்தக் கேலி எங்கள் வீட்டுக்கு வந்துசேர்வதற்குள் மூன்று வாய் மாறி, "பொங்ஜி உடுப்பைப் போட்டுக்கிட்டுத் தமிழ்ப் பயல்கள் சேற்றிலே உருளுறானுங்க" என்றாகிவிட்டது. "பொங்ஜி" என்றால் இங்கே புத்த பிக்கு. காலம் அப்படி. கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டு, எங்கள் சனம் கப்பல் கப்பலாக ஊர் திரும்பி, தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடந்தது. மிச்சம் இருந்தவர்கள் இருமினாலும் வாயைப் பொத்திக்கொண்டுதான் இருமினோம். அத்தா, என் தகப்பனார், கைலி விற்கிறவர். யாரையும் நிமிர்ந்து பார்த்து நான் கண்டதில்லை. அன்றைக்கு என்னை அடிக்கக்கூட இல்லை. மெதுவாகத்தான் சொன்னார்: "யாரும் சொல்லுறதுக்கு முந்தி நாமளே சரிபண்ணிக்கணும்டா. சொல்ல வச்சுட்டோம்னா அப்புறம் கப்பல்தான்."

என் கோல்காப்பாளன் மாரிக்கு நாக்கு நீளம். அவன்தான் சொன்னான்: "எதுக்குடா இந்தப் பயம்? மடம் மைதானத்துக்கு அடுத்த வாசல். நேரே போய்ப் பெரிய பொங்ஜிகிட்டயே கேட்ருவோம். ஆகாதுன்னா ஆகாதுங்கட்டும்."

"கேட்டாத்தான்டா வம்பு," என்றேன் நான்.

"நீ கேப்டனா, உங்கத்தாவோட கைலியா?" என்றான். அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன்.

நான் கெட்டிக்காரன், எனக்கு வழி தெரியும் என்று நினைத்தேன். மறுநாள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு க்யிம்யிண்டைங் ஆற்றங்கரைக்குப் போனேன். அங்கே மீன்வலைக்குச் சாயம் காய்ச்சுகிற தொட்டி ஒன்று உண்டு. செங்கல்மேல் கறுப்பு ஏறினால் நல்ல கறுப்பாக வரும் என்று கணக்குப் போட்டேன். வந்தது சாக்கடைச் சேற்று நிறம். வலைகளிலிருந்து ஊறின மீன்செதிலும் எண்ணெய்ப் பிசுக்கும் அந்தத் தொட்டியில் எத்தனை வருடமாகக் கிடந்ததோ, காயப்போட்ட கொடிக்குப் பக்கத்தில் பூனைகள் வந்து உட்கார்ந்துகொண்டன. சட்டையைத் தலை வழியாக மாட்டியபோது இரண்டு பேர் வாந்தி எடுத்தார்கள். நான் எடுக்கவில்லை, கேப்டன் எடுக்கக் கூடாது என்று விழுங்கிக்கொண்டேன்.

ஆட்டத்தன்று மழை கொட்டியது. ஊ யோன் முதல் ஆளாக வந்து கோட்டோரம் நின்றார். மழையில் சலவைச் சட்டை, கழுத்துப்பட்டை, வாரின தலை. நாங்கள் உள்ளே இறங்கியபோது அவர் கையை உயர்த்திக் கத்த வாய் திறந்தவர், திறந்த வாயோடு அப்படியே நின்றார். ஆடினோம். ஆட ஆடச் சாயம் கரைந்து தொடை வழியாகக் கறுப்பாக ஓடியது. பந்தில் கறுப்பு, எதிராளிகளின் சட்டையில் கறுப்பு. "கிட்ட வராதீங்கடா, நாறுது!" என்று படகுத்துறைப் பையன்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு விலகினார்கள். விலகியதால் மூன்று கோல் போட்டோம், அதில் இரண்டு என்னுடையது. இன்றைக்கும் ஜெயித்தோம் என்றுதான் சொல்வேன். ஆனால் அந்த இரண்டு கோலை யாரிடமும் பெருமையாகச் சொன்னதில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு பெரிய விஷயமென்று.

முடிந்ததும் ஊ யோன் என்னிடம் வந்தார். சட்டை நுனியைப் பிடித்து மூக்கருகே கொண்டுபோனார். முகம் சுளிக்கவில்லை. "யார் சொன்னது?" என்றார்.

நான் மடத்தின் கூரையைப் பார்த்து விரலை நீட்டினேன். "பெரிய பொங்ஜி. இந்த நிறம் ஆகாதுன்னுட்டார். மேலே இருந்து உத்தரவு."

சொல்லி வாய் மூடவில்லை, மடத்து வாசலில் குடையோடு நின்று ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்த பெரிய பொங்ஜியே எங்களைப் பார்த்து நடந்து வந்தார். குச்சி மாதிரிக் கிழவர். மூக்கைத் தம் காவித் துணியால் மூடிக்கொண்டே கேட்டார்: "பசங்களா, அன்றைக்குப் போட்டிருந்தீர்களே செங்கல் சட்டை, அது எங்கே? நம்ம மடத்து ஆட்கள் ஆடுகிற மாதிரி இருந்தது, நல்லா இருந்ததே! இந்தச் சாக்கடை யாருடைய யோசனை?"

மாரி கெக்கெக்கே என்று சிரித்தான். பிறகு மற்றவர்களும் சிரித்தார்கள். நான் ஊ யோனைப் பார்த்தேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் இவ்வளவு நாள் இதைச் சுமந்திருக்க மாட்டேன். அவர் சேற்றில் என் பக்கத்திலேயே குந்தினார். தம் வெந்த கைகளை என் முன்னால் விரித்துக் காட்டினார்.

"எங்க ஊர்லயும் மேலே இருந்து யாரும் சொல்லலை," என்றார். "புது அதிகாரி வர்றான், செங்கல் நிறம் அவனுக்குப் பிடிக்காதுன்னு ஒரு பேச்சு. நாங்களே கூட்டம் போட்டோம், நாங்களே முடிவு பண்ணினோம். நீலச் சாயத்தைக் காய்ச்சினது நான். இந்தக் கை அதிலே வெந்ததுதான். அதிகாரி வந்தான். சட்டையைப் பார்க்கவே இல்லை. மழை வருமான்னு கேட்டுட்டுப் போனான். அதுக்கப்புறம் அவங்க எதை நினைச்சாலும் நாங்க முந்திக்கிட்டோம். பேரு, மைதானம், கடைசியிலே பஸ்ஸு. பஸ் கதவைத் திறந்துவிட்டதும் நான்தான்."

எழுந்து போய்விட்டார். சட்டைகளைத் திரும்பக் கேட்கவில்லை. பிறகு ஞாயிறுகளில் அந்தத் தேநீர்க் கடைக்கு வரவும் இல்லை. கப்பலேறிவிட்டார் என்று கேள்வி.

இப்போது மைதானம் இருந்த இடத்தில் எட்டு மாடிக் கட்டிடம் நிற்கிறது, இரும்புக் கம்பி என் கடையில் வாங்கியது. தேநீர்க் கடை கைபேசிக் கடையாகிவிட்டது, சாயத் தொட்டி இருந்த சுவடே இல்லை, மாரி ஊருக்குக் கப்பலேறிப் போய் அங்கேயே மௌத்தானான். ஊ யோனின் கிளப் மட்டும் சாகவில்லை. செத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். போன வாரம் என் பேரன் கைபேசியில் தேடிக் காட்டினான். அந்த ஊரில் இன்றைக்கு அதே பெயரில் இரண்டு கிளப். ஒன்று செங்கல், ஒன்று நீலம். அந்தக் கோப்பை யாருடையது, பட்டறைக் கதை யாருடையது என்று இரண்டும் வழக்காடுகின்றன. இரண்டின் நெஞ்சிலும் சூதாட்டக் கம்பெனி விளம்பரம். முதலாளி ஒருவன் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "நாங்கள் என்ன செய்வது, சட்டம் சொன்னது" என்கிறான். தூ! இதனால்தான் கிளப்பின் பெயரை இந்தக் கட்டுரையில் எங்கேயும் எழுதவில்லை. என் பேனா அதற்காக நாற வேண்டாம்.

"எது உண்மையான கிளப், நன்னா?" என்று கேட்டான் பேரன், பர்மிய மொழியில்; தாத்தாவுக்கு எங்கள் வீட்டில் நன்னா. தமிழ் கேட்டால் அவனுக்குப் புரியும், பேச வராது, படிக்கவே வராது. நான் எழுந்து வீட்டுக்கு முன்னால் இருக்கிற கடை வாசலுக்குப் போனேன். என் கடைப் பலகையை அண்ணாந்து பார்த்தேன். மின்விளக்குப் போட்ட பலகை, பபேடானிலேயே பெரியது. அதில் இருப்பது அத்தா வைத்த பெயர் இல்லை, ஒரு பர்மியப் பெயர். சந்தையில் எல்லோரும் என்னை அந்தப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். கடை திறந்த அன்றே மாட்டியது. அப்படி மாட்டச் சொல்லி எந்த ஆபீசிலிருந்தும் யாரும் வரவில்லை.

உள்ளே வந்து அந்தச் சட்டையைக் கையில் எடுத்தேன். கக்கத்துத் தையலில் சாயம் ஏறாத இடம் ஒரு விரல் அகலத்துக்கு இன்னும் செங்கல் நிறமாகவே இருக்கிறது. மூக்கைப் பிடிக்காமல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மடம் எங்கள் மைதானத்துக்கு அடுத்த வாசல். நடந்தால் இரண்டு நிமிடம். நான் போய்க் கேட்கவில்லை.